கத்தி பட்டால் புற்றுநோய் பரவுமா?

"கத்தி வைத்ததால்தான் வருத்தம் கிளம்பியது" என்ற பேச்சு யாழ்ப்பாணத்து மரண வீடுகளில் இன்றும் கேட்கின்றது. பெரும்பாலும் நோய் முற்றிய பின்னர் வைத்தியரிடம் சென்றவர்களைப் பற்றியே இவ்வாறு கூறப்படுகின்றது. அதனைக் கேட்டு அஞ்சும் இன்னொருவர் வாயில் ஆறாத புண்ணையோ மார்பில் தோன்றிய கட்டியையோ மறைத்துவிடுகின்றார்.

இவ்வச்சத்தில் ஒரு துளி உண்மை இருக்கின்றது. பெரிய சத்திரசிகிச்சை ஒன்றை உடல் பெருங்காயமாகவே உணர்கின்றது. அதிரினலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் குருதியில் பெருகுகின்றன. புற்றுநோய்க் கலங்களைத் தேடி அழிக்கும் 'இயற்கைக் கொல்லிக் கலங்கள்' சோர்வடைகின்றன. அதிக குருதியிழப்பும் குருதியேற்றமும் உடல் குளிர்வதும் இச்சோர்வைக் கூட்டக்கூடும். சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நிர்ப்பீடனம் இவ்வாறு தளர்ந்திருக்கும். முன்னரே குருதியில் கலந்துவிட்ட சில புற்றுநோய்க் கலங்களுக்கு இது வாய்ப்பாகலாம் என்பதால், இந்த இடைவெளியைச் சுருக்கும் வழிகளை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர்.

ஆனால் மறுபக்கம் பெரிது. புற்றுக்கட்டி தானே நிர்ப்பீடனத்தை அடக்கி வைத்திருக்கின்றது. அது அகற்றப்பட்டதும் அந்த அடக்குமுறையும் தளர்கின்றது. பரவாத நிலையிலுள்ள பல புற்றுநோய்களைக் குணப்படுத்த இன்றும் சத்திரசிகிச்சையே முதன்மையான வழி. கத்திக்குப் பயந்து கட்டியை வளரவிடுவது, கள்வனுக்குப் பயந்து வாசலைத் திறந்து வைப்பதைப் போன்றது.

ஒருகாலத்தில் இங்குள்ள நோயாளர் மகரகமவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் பாதையும் மூடிக் கிடந்தது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. தூரம் குறைந்த பின்னரும் தாமதம் தொடர்வதுதான் வேதனை.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாரங்களில் வீட்டார் இழைக்கும் தவறுகளும் உண்டு. 'கிரந்தி' என்று மீனையும் முட்டையையும் விலக்கிக் கஞ்சி மட்டும் கொடுக்கின்றனர். காயம் ஆறவும் நிர்ப்பீடனக் கலங்கள் பெருகவும் புரதம் அவசியம். வெற்றிலையும் புகையிலையும் சுருட்டும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே நிறுத்தப்பட வேண்டியவை.

நோயாளரை நலம் விசாரிப்பது நம்மிடையே கடமை; முஸ்லிம்களுக்கு அது மார்க்கக் கடமையும்கூட. எனினும் இருமலும் தடிமனும் உள்ளவர் கட்டிலருகே செல்வது நோயாளருக்குத் தீங்காகும். அவர்கள் தொலைபேசியில் விசாரிக்கலாம். ரமழானில் நோயாளர் நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் இடமளிக்கின்றது. பின்னரும் இயலாதவருக்கு ஃபித்யா உண்டு.

சில விளைவுகள் நீடித்தவை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர் அந்தக் கையில் வெட்டுக்காயமோ தீக்காயமோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கை சிவந்து வீங்கினால் உடனே வைத்தியரை நாட வேண்டும். மண்ணீரல் அகற்றப்பட்டவருக்குச் சில கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம். இயலுமாயின் சத்திரசிகிச்சைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே அவை ஏற்றப்பட வேண்டும். இத்தகையவருக்குக் காய்ச்சல் கண்டால் பனடோலைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருத்தலாகாது.