முழு எண்களும் முழுக்களும்

முழு எண்கள் என்பவை 0, 1, 2, 3, ... என 0-இல் தொடங்கி முடிவின்றித் தொடரும் எண்கள். முழுக்கள் என்பவை இவற்றோடு −1, −2, −3, ... ஆகிய குறை எண்களும் சேர்ந்தவை. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிப்பதால் மாணவர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றனர்.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 1, 2, 3, ... என்பவை இயல் எண்கள். அவற்றுடன் 0 சேர்ந்தால் முழு எண்கள். குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். வேறு சில தமிழ் நூல்களிலும் கட்டுரைகளிலும் முழுக்களையே 'முழு எண்கள்' என்று எழுதுவதுண்டு. ஆகவே, பெயரை மட்டும் பார்க்காமல், அந்நூல் தரும் வரையறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறை எண்கள் ஏன் தேவை?

இரண்டு முழு எண்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும் முழு எண்ணே கிடைக்கும். கழித்தலில் அப்படியல்ல. 5 − 3 = 2 ஒரு முழு எண்; ஆனால் 3 − 5 என்பதற்கு முழு எண்களுக்குள் விடையில்லை. கையில் 300 ரூபாய் வைத்திருப்பவருக்கு 500 ரூபாய் கடன் இருந்தால், அவர் நிலை −200 ரூபாய். கடல் மட்டத்தை 0 எனக் கொண்டால், எவரெஸ்ட் சிகரம் ஏறத்தாழ +8849 மீட்டரிலும், சாக்கடலின் கரை ஏறத்தாழ −440 மீட்டரிலும் உள்ளன.

பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் கொண்டு கணக்கிடும் விதிகளைத் தந்தார். இரு கடன்களின் பெருக்கற்பலன் செல்வம் என்பது அவற்றுள் ஒன்று.

முக்கிய வேறுபாடுகள்

- முழு எண்களில் மிகச் சிறியது 0. முழுக்களில் மிகச் சிறியது என்று ஒன்றில்லை.
- எண்கோட்டில் முழு எண்கள் 0-இலிருந்து வலப்புறம் மட்டும் செல்லும். முழுக்கள் இருபுறமும் செல்லும்.
- முழுக்களில் கழித்தல் எப்போதும் இயலும். முழு எண்களில் சில வேளை மட்டுமே இயலும்.
- ஒவ்வொரு முழுவிற்கும் கூட்டல் நேர்மாறு உண்டு: 7 + (−7) = 0. முழு எண்களில் 0-க்கு மட்டுமே அது உண்டு.

எல்லா முழு எண்களும் முழுக்களே; எல்லா முழுக்களும் முழு எண்கள் அல்ல. −4 ஒரு முழு, ஆனால் முழு எண் அன்று.

கவனிக்க வேண்டியவை

1. குறைக் குறி இருப்பதாலேயே ஓர் எண் முழு ஆகிவிடாது. −1/2, −2.5 ஆகியவை முழுக்கள் அல்ல. ஆனால் −6/2 ஒரு முழு. அதன் மதிப்பு −3.
2. 8 > 3 என்பதால் −8 > −3 என எழுதுவது தவறு. எண்கோட்டில் −8 இடப்புறம் இருப்பதால் −8 < −3. எட்டு ரூபாய் கடன்பட்டவர் மூன்று ரூபாய் கடன்பட்டவரைவிடக் கீழ்நிலையில் இருக்கிறார் அல்லவா?
3. 0 ஒரு முழு எண், முழுவும்கூட. ஆயினும் அது மிகையும் அன்று, குறையும் அன்று.

வகுத்தலுக்கு முழுக்களும் போதா. 1 ÷ 2-க்கு முழுக்களில் விடையில்லை. அதற்காக விகிதமுறு எண்களுக்குச் செல்ல வேண்டும்.