பண்ணையைக் காணச் செல்லும் பள்ளிச் சிறார்: பாதுகாப்பின் செலவை ஏற்பவர் யார்?

பெங்களூரு ஆடுகோடியில் 1923ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கால்நடை, பால்பண்ணைக் கழகத்திற்கு 1927இல் காந்தியடிகள் சென்று, மாடுகளைப் பேணும் முறையை நேரில் கேட்டறிந்தார். உடல்நலம் குன்றி ஓய்வுக்காக வந்திருந்த அவருக்கு அப்போது வயது 57. பண்ணையைப் பார்த்துக் கற்பதற்கு வயது வரம்பு இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேவையில்லை. அக்கழகத்தின் தலைமையிடம் 1955இல் கர்னாலுக்கு மாறியது. ஆனால் அதன் தென்மண்டல நிலையம் இன்றும் ஆடுகோடியில் இயங்கி வருகிறது. வடக்கே 1964இல் தொடங்கிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விரிந்த வளாகமும், ஹெசரகட்டாவில் தோட்டக்கலை ஆராய்ச்சிக் கழகமும் உள்ளன. பாலை உறையில் மட்டுமே பார்த்து வளரும் நகரத்துச் சிறார்க்கு இத்தகைய இடங்கள் உயிருள்ள பாடப்புத்தகங்களாகும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குப் புத்தகப்பை இல்லாத பத்து நாட்களை வகுத்துள்ளது. தொழில் நடைபெறும் இடங்களை நேரில் கண்டு பழக அந்நாட்கள் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். பள்ளிகள் பண்ணைகளை நாடுவது இதனால் பெருகவே செய்யும். சுற்றுலாப் பண்ணை என்னும் புதிய தொழிலும் நகரின் எல்லைகளில் வளர்ந்து வருகிறது. எனவே பண்ணைக்குச் செல்லும் சிறாரின் பாதுகாப்பு, தனிப்பட்ட ஆசிரியரின் கவனத்திற்கு மட்டும் விட்டுவிடத்தக்க செய்தி அன்று.

குழாயடிக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், நாற்பது சிறுவர் அடங்கிய ஒரு குழுவுடன் நகருக்கு வெளியே ஒரு தனியார் பண்ணைக்குச் செல்லும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. கன்றுக்குட்டிகளைத் தடவிக் கொடுத்த பின், பத்து நிமிடத்தில் கை கழுவிவிட்டுச் சாப்பிட வருமாறு பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. இருந்தது ஒரே ஒரு குழாய், சோப்பு இல்லை. சோப்பிட்டு முறையாகக் கை கழுவ ஒருவருக்கு 40 வினாடியேனும் தேவை. நாற்பது பேருக்கு 1,600 வினாடி, அதாவது ஏறத்தாழ 27 நிமிடம். ஆசிரியர் சோம்பேறியும் அல்லர், பிள்ளைகள் அடங்காதவரும் அல்லர். கணக்கே தவறு. நான்கு குழாய்கள் இருந்திருந்தால் ஏழு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

இது அற்பமான குறை என எண்ணுவோர் இங்கிலாந்தின் சர்ரி மாவட்டத்தில் 2009இல் நடந்ததை அறிய வேண்டும். காட்ஸ்டோன் என்னும் இடத்தில் சிறார் வந்து விலங்குகளைத் தொட்டு மகிழும் பண்ணையில் ஈ. கோலி ஓ157 என்ற நுண்கிருமி பரவி, 93 பேர் நோயுற்றனர். அவர்களில் 76 பேர் பத்து வயதுக்குட்பட்டவர். 17 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஆடுமாடுகளின் குடலில் வாழும் இக்கிருமி அவற்றுக்கு எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. ஆகவே கன்று கொழுகொழுவென்று இருப்பதைக் கண்டு அதனைத் தூய்மையானது எனக் கொள்ள இயலாது. நூற்றுக்கும் குறைவான கிருமிகள் வாய்வழி சென்றாலே ஒரு குழந்தைக்கு நோய் வரக்கூடும். அந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 2010இல் அறிக்கையளித்த குழு, கை கழுவுதலை மட்டும் நம்புவது போதாது என்றும், சாணம் பிள்ளைகளின் கையை எட்டாதவாறு தொழுவமே அமைய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

வாசலில் சாணம் தெளித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இவ்வாதம் சற்று வியப்பாகவே இருக்கும். ஆயினும் கிராமத்துப் பிள்ளை தவழும் பருவம் முதல் தொழுவத்தோடு சிறுகச் சிறுகப் பழகியவன். மாடி வீட்டில் வளர்ந்து, ஒரே நாளில் தொழுவத்துக்குள் நுழையும் பிள்ளையின் நிலை வேறு. கையில் தடவும் சாராயக் கரைசல் சோப்புக்கு மாற்றாகாது. சாணமும் மண்ணும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்வதில்லை. கன்றுகளின் கழிச்சலில் காணப்படும் சில ஒட்டுண்ணிகளை அது கொல்வதும் இல்லை. கறந்த பாலைக் காய்ச்சாமல் சுவைக்கக் கொடுக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்.

நோய் பெரும்பாலும் மூன்று, நான்கு நாட்கள் கழித்தே தோன்றும். அதற்குள் பெற்றோர் பண்ணையை மறந்திருப்பர். வயிற்றுப்போக்கில் இரத்தம் கண்டால், பிள்ளை பண்ணைக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். இவ்வகை நோயில் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சிறுநீரகத்திற்கு மேலும் கேடு விளைவிக்கலாம் என்று கருதப்படுகிறது. புறப்படும் முன் பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கும் பள்ளி, திரும்பிய பின் இதனை ஒரு துண்டுத்தாளில் எழுதி அனுப்புவது பெரிய சுமையன்று.

நீரும் பொறியும்

நோயினும் விரைந்து உயிர் கொள்வது நீர். மானாவாரி நிலங்களுக்குத் துணைப்பாசனம் அளிக்கக் கர்நாடக அரசு 2014-15இல் தொடங்கிய கிருஷி பாக்ய திட்டத்தின் கீழ்ப் பண்ணைக்குட்டைகள் ஏராளமாக வெட்டப்பட்டன. நீர் கசியாதிருக்க விரிக்கப்படும் பாலிதீன் விரிப்பே இங்கு ஆபத்து. நனைந்த சரிவில் கால் ஊன்ற இயலாது. நீந்தத் தெரிந்த பெரியவரும் மேலேறுவது கடினம். குட்டையைச் சுற்றிக் கம்பிவேலியும், கரையிலிருந்து நீருக்குள் தொங்கும் முடிச்சிட்ட கயிறும் இல்லாத பண்ணைக்குச் சிறாரை அழைத்துச் செல்லலாகாது என்பது நம் உறுதியான கருத்து. 2024 டிசம்பரில் ஆசிரியர்களுடன் முருடேசுவரக் கடற்கரைக்குச் சுற்றுலா சென்ற கோலார் மாவட்டப் பள்ளி மாணவியர் நால்வர் நீரில் மூழ்கி இறந்தனர். பெரியவர் உடனிருத்தல் மட்டுமே நீரருகில் காப்பாகாது.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010இல் விதித்த நெறிமுறைகள் தெளிவானவை. தோண்டும் காலத்தில் முள்வேலி, முடிந்தபின் பற்றவைத்த இரும்பு மூடி, பயனற்றுப் போனால் அடிமுதல் தரைமட்டம் வரை மண்ணிட்டு நிரப்புதல் ஆகியவை கட்டாயம். பண்ணையாரிடம் இதனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.

டிராக்டர் பிள்ளைகளின் கண்ணை முதலில் ஈர்க்கும் பொருள். எஞ்சினின் விசையைப் பின்னால் பூட்டிய கருவிக்கு எடுத்துச் செல்லும் சுழல்தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அதாவது வினாடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. துப்பட்டாவின் நுனி அதில் சிக்கினால் கூவுவதற்குக்கூட நேரமிராது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே அருகில் செல்ல விட வேண்டும். பூச்சிமருந்து அறை பூட்டியிருக்க வேண்டும். அதன் காலிக் கலங்களில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கலாகாது. 2013இல் பீகாரின் சாப்ரா அருகே நஞ்சு கலந்த மதிய உணவால் 23 குழந்தைகள் இறந்ததற்குப் பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

முன்வருகை

இவை அனைத்தையும் பயணத்தன்று பார்க்க முடியாது. சில நாட்கள் முன்னதாக ஓர் ஆசிரியர் தனியே சென்று, பிள்ளைகள் நடக்கவிருக்கும் வழியெல்லாம் நடந்து, குழாய்களை எண்ணி, அருகிலுள்ள மருத்துவமனையில் நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும் மருந்து உண்டா என விசாரித்து வருவதே முறை. கோடையில் தண்ணீர் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரு பட்ட தண்ணீர்ப் பாட்டை மறப்பதற்கில்லை.

ஆனால் குறையைக் கண்ட ஆசிரியர் என்ன செய்ய இயலும்? சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. குழாயும் வேலியும் அமைக்கும் செலவு பண்ணைக்கு. அதன் பயன் பள்ளிக்கும் பெற்றோருக்கும். செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் ஆகும் பணி, எவராலும் செய்யப்படாமல் கிடப்பது பொருளியலில் புதிய செய்தியன்று. பண்ணையின் நல்லெண்ணத்தை நம்புவதைவிடக் கட்டணத்திலேயே அச்செலவைச் சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஒரு பண்ணைக்கு ஆண்டுக்கு 2,000 சிறார் வருவதாகக் கொண்டால், தலைக்கு 5 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் சேரும். குழாய்களை அமைக்கவும் பேணவும் அதிலிருந்தே தொடங்கலாம். வேலி போன்ற பெருஞ்செலவுக்கு அரசின் திட்ட உதவியை நாடலாம். கல்வித்துறை பயணத்திற்கு அனுமதி வழங்கும்போதே, முன்வருகை அறிக்கையை இணைக்குமாறு கேட்பது ஒரு தாள் கூடுதல் வேலைதான்.

முன்னர்க் குறிப்பிட்ட பண்ணைக்கு மறு ஆண்டும் செல்ல நேர்ந்தது. தொழுவத்துக்கும் உண்ணும் கூடத்துக்கும் இடையே நான்கு குழாய்கள் வரிசையாக நின்றன. கட்டணத்தில் 5 ரூபாய் கூடியிருந்தது. பெற்றோரில் எவரும் அதுபற்றிக் கேட்கவில்லை. சோப்பை மட்டும் பிள்ளைகளே கொண்டு வர வேண்டுமாம்.