ஊர் ஷெட்ல நிக்கிற பழைய கார்: தூசியும் ஈரமும் உங்க பணத்தை எப்படித் தின்னுது?

எஸ்ஐபி, ஹோம் லோன், டேர்ம் இன்ஷூரன்ஸ்னு நிறைய பேசியாச்சு. இன்னைக்குப் பேசப்போறது பல வீடுகள்ல இருக்குற, ஆனா யாரோட கணக்குலயும் வராத ஒரு பொருளைப் பத்தி. ஊர்ல ஷெட்டுக்குள்ள நிக்கிற பழைய கார்.

நீங்க பெங்களூர்லயோ சென்னையிலயோ வேலை பாக்குறீங்க. மல்லசமுத்திரத்துல அப்பாரு வாங்கின அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ சும்மா நிக்குது. விக்க மனசு வரல, பாத்துக்க நேரமும் இல்ல. "நிக்கட்டும், சோறா கேக்குது?"ன்னு விட்டுடறோம். உண்மையில அது தினமும் செலவு வெச்சுக்கிட்டுதான் இருக்கு. பில் மட்டும் மொத்தமா கடைசியில வரும்.

பழைய காரோட மதிப்பு எங்க இருக்கு?

இன்ஜின்ல இல்லை, பாடியில இருக்கு. இன்ஜினைப் பிரிச்சு போர் பண்ணி சரி பண்ணிடலாம். ஆனா அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாசமே நின்னுபோச்சு, பத்மினி அதுக்கும் முன்னாடியே நின்னுடுச்சு. ஃப்ளோர், கதவோட அடிப்பக்கம், வீல் ஆர்ச் துருப்பிடிச்சா வெட்டி எடுத்து, தகடு வெல்டிங் பண்ணி, பட்டி பாத்து, முழு பெயின்ட் அடிக்கணும். காரோட விலையை விட வேலைக்கான செலவு அதிகமாப் போறது இங்கதான்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. துரு என்பது தேய்மானம். சாதாரண மோட்டார் பாலிசி எதுவும் தேய்மானத்துக்கு க்ளெய்ம் தராது.

நம்ம ஊர்ல ஈரம் எங்கிருந்து வருது?

சென்னை மாதிரி உப்புக்காத்து நம்ம பக்கம் கிடையாது. அந்த வகையில நமக்கு இது லாபம்தான். ஆனா மூணு விஷயம் இருக்கு.

முதலாவது, தகரக் கொட்டகை. பகல்ல கொதிக்கும், ராத்திரி சட்டுன்னு குளிரும். ஐப்பசி மழையிலயும் மார்கழிப் பனியிலயும் தகரத்தோட அடியில வேர்த்து, சொட்டு சொட்டா கார் மேல விழும். மழை உள்ள வராத ஷெட்லயும் இது நடக்கும்.

ரெண்டாவது, தரை. மண் தரையும் பழைய சிமென்ட் தரையும் கீழ இருந்து ஈரத்தை மேல விட்டுக்கிட்டே இருக்கும். அதனாலதான் முதல்ல ஓட்டை விழுறது ஃப்ளோர்ல.

மூணாவது, தூசி. சங்ககிரி லாரி ரோட்டுப் புழுதி ஒரு பக்கம், தறி ஓடுற இடத்துல பறக்குற பஞ்சு இன்னொரு பக்கம். காத்துல ஈரப்பதம் சுமார் 60 சதவீதம் தாண்டினா இரும்பு வேகமாத் துருப்பிடிக்கும். மேல தூசியும் பஞ்சும் படிஞ்சிருந்தா அதுக்குக் கீழேயே ஆரம்பிச்சுடும், ஏன்னா அது ஈரத்தை உறிஞ்சி தகரத்தோட ஒட்டி வெச்சுக்கும்.

கோயம்புத்தூர் அவினாசி ரோட்ல ஜி.டி. நாயுடு பேர் சொல்ற ஜிடி கார் மியூசியம் 2015-ல இருந்து இருக்கு. ஒருதடவை போய்ப் பாருங்க. எல்லாமே மூடின, சுத்தமான கட்டடத்துக்குள்ள நிக்குது. அந்த அளவு செலவு நமக்கு முடியாது. ஆனா ஈரத்தைத் தள்ளி வை, தூசியைச் சேரவிடாதேங்கிற அடிப்படை நம்ம ஷெட்டுக்கும் அதேதான்.

செய்ய வேண்டியவை

1. தார்ப்பாய் போடாதீங்க. அது ஈரத்தை உள்ளேயே அடைச்சு வைக்கும். காத்து போய் வர்ற துணி கவர் வாங்குங்க. கழுவி, நல்லாக் காஞ்ச பிறகுதான் கவர் போடணும்.

2. தூசியை வறண்ட துணியால துடைக்காதீங்க. புழுதியில இருக்குற மணல் துகள் பெயின்ட்டைக் கீறும். முதல்ல தண்ணி ஊத்தி இறக்கிட்டு அப்புறம் துடைங்க.

3. தரையில கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, அதுமேல காரை நிறுத்துங்க. தகரக் கூரைக்குக் கீழ ஒரு சீலிங் அடிச்சா சொட்டுறது கார் மேல விழாது.

4. கால் மிதியையும் அதுக்கு அடியில இருக்குற ஃபெல்ட்டையும் எடுத்துடுங்க. கதவுக்கு அடியில இருக்குற சின்ன ஓட்டைகள் மண் அடைச்சிருந்தா குத்தி விடுங்க. தண்ணி வடியறதுக்குத்தான் அந்த ஓட்டை.

5. ஹேண்ட் பிரேக் போடாதீங்க, பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். சக்கரத்துக்குக் கட்டை வைங்க. பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டுங்க. சைலன்சர் வாயைக் கம்பி வலையால மூடுங்க, எலி புகாது.

6. மாசம் ஒருதடவை கவரைக் கழட்டி, 20 நிமிஷம் ரோட்ல ஓட்டுங்க. நின்ன இடத்துல ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றது ஓட்டாம இருக்கறதை விட மோசம். சைலன்சர் சூடாகாம தண்ணி உள்ளேயே தங்கிடும்.

7. இப்ப வர்ற இ20 பெட்ரோல்ல இருக்குற எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல ஓட்டப்போறதில்லைன்னா டேங்கையும் கார்புரேட்டரையும் மெக்கானிக்கை வெச்சு காலி பண்ணிடுங்க. பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க.

பேப்பர் துருப்பிடிச்சா?

ஆர்.சி. காலாவதியானா ரோட்ல எடுக்க முடியாது. எடுக்க முடியலைன்னா மேல சொன்ன 6-வது விஷயமே நடக்காது. 20 வருஷம் தாண்டின கார்களுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல ரூ.10,000 ஆக்கிட்டாங்க, பசுமை வரி தனி. 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்துலயே இருந்தா 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். கட்டணம் ரூ.20,000, 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா அதுக்கப்புறம் அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது.

அடுத்தது வரி. சொந்த உபயோகக் காரை லாபத்துக்கு வித்தா பொதுவா மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா 1931 மாடல் ஃபோர்டு ஒண்ணை ரூ.20,000-க்கு வாங்கி ரூ.21 லட்சத்துக்கு வித்த ஒருத்தர் வழக்குல, அதைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லி, வரி உண்டுன்னு மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல தீர்ப்பு சொல்லுச்சு. அதனால பெட்ரோல் பில், சர்வீஸ் பில், இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

இப்ப கணக்குப் போடலாம்

ஒரு அம்பாசிடருக்கு, வருஷத்துக்கு:

- தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் (2022 ஜூன் கட்டணம் ரூ.3,416 + ஜிஎஸ்டி): சுமார் ரூ.4,000
- மாசம் ரூ.500-க்கு பெட்ரோல்: ரூ.6,000
- ஆயில், பிரேக் ஆயில், சில்லறை வேலை: ரூ.4,000-னு வெச்சுக்குவோம்
- ஆர்.சி. கட்டணம், 5 வருஷத்துக்குப் பிரிச்சா: ரூ.2,000
- கவர், ஷீட்: ரூ.1,000

மொத்தம் ரூ.17,000. இது தவிர, கார் இன்னைக்கு ரூ.1.5 லட்சத்துக்குப் போகும்னா, அந்தப் பணம் 7 சதவீத எஃப்டியில வருஷம் ரூ.10,500 தந்திருக்கும். ரெண்டையும் கூட்டினா ரூ.27,500, அதாவது மாசம் கிட்டத்தட்ட ரூ.2,300. உங்க காருக்கான தொகையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

மாசம் இவ்ளோ ரூபாயும், சாவி வாங்கி ஓட்டிப் பாக்க ஊர்ல ஒரு நம்பிக்கையான ஆளும் இருந்தா தாராளமா வெச்சுக்கங்க. அதை முதலீடுன்னு நினைக்க வேண்டாம், ஆசைக்குச் செய்யற செலவா பட்ஜெட்ல எழுதுங்க. அது முடியாதுன்னா, வர்ற ஐப்பசிக்கு முன்னாடி, ஃப்ளோர் கெட்டியா இருக்கும்போதே, ஓட்டிப் பாத்துக்கற ஒருத்தருக்குக் குடுத்துடுங்க. "அப்புறம் பாக்கலாம்"னு தள்ளிப்போட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு காரும் இருக்காது, அதுக்கான விலையும் இருக்காது.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. டிரைவர் பக்க மிதியைத் தூக்கி, அடியில ஒரு ஸ்க்ரூடிரைவரால லேசாத் தட்டிப் பாருங்க. டங்குன்னு சத்தம் வந்தா உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.