மற்றும் குழுவினர்: சேர்ந்து பாடிய குரல்களின் கதை

வானொலியில் பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பாடகர் பெயரைச் சொல்லிவிட்டுக் கடைசியில் "மற்றும் குழுவினர்" என்று முடிப்பாரே, கேட்டிருப்பீர்கள். அந்தக் குழுவினர் யார், எத்தனை பேர் என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

நம் வடகரப்பதிப் பக்கம் சேர்ந்து பாடுவது புதிதல்ல. மார்கழி விடியலில் பஜனை கோஷ்டி வருகிறது. நோம்பி சாட்டினால் கும்மி இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், நூறு பேர் பாடினாலும் எல்லோரும் பாடுவது ஒரே மெட்டுத்தான். ஆண்கள் கீழ் ஸ்தாயியில், பெண்களும் பிள்ளைகளும் மேல் ஸ்தாயியில், அவ்வளவே வித்தியாசம். மேற்கத்திய முறையில் ஹார்மனி என்பது வேறு. ஒருவர் 'ச' பிடிக்கும் அதே நேரத்தில் இன்னொருவர் 'க' பிடிப்பார், மூன்றாமவர் 'ப' பிடிப்பார். மூன்றும் வேறு வேறு சுரங்கள்தான். ஆனால் காதில் விழுவது ஒரே நிறைந்த ஒலி. தேவாலயத்தில் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல், ஆண்களில் மேல்குரல், கீழ்க்குரல் என்று நான்கு வரிசை.

"நம்ம சங்கீதத்துக்கு இது ஆகாதுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. முழுக்க அப்படியில்லை. தம்புராவில் சட்சமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பதே ஹார்மனியின் விதைதான். நாகசுரத்துக்கு ஒத்து ஊதுகிறார்களே, அதுவும் ஒரு துணைக்குரல். இந்த விதையை வளர்த்து மரமாக்க நாம் முயலவில்லை, அதுதான் உண்மை. நம்மவர்கள் மெட்டின் நெளிவிலும் ராகத்தின் ஆழத்திலும் போனார்கள். அவர்கள் குரல்களை அடுக்கிக் கட்டுவதில் போனார்கள்.

இனி 1958ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டு உலகின் இரண்டு மூலைகளில் அண்ணன் தம்பிகளின் இரண்டு கதைகள் தொடங்குகின்றன.

ஒன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில். ஆஸ்மண்ட் வீட்டில் ஆலன், வேய்ன், மெரில், ஜே என்று நான்கு சிறுவர்கள். மூத்த அண்ணன்மார் இருவருக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. அவர்களுக்குக் காது கேட்கும் கருவி வாங்கப் பணம் சேர்க்கத்தான் தம்பிகள் நான்கு குரலில் பாடத் தொடங்கினார்கள் என்பார்கள். ஒரே மாதிரி உடை, படிய வாரிய தலை, கெட்ட பழக்கம் கிடையாது, பார்த்தாலே 'நல்ல வீட்டுப் பிள்ளைகள்'. 1962 முதல் தொலைக்காட்சியில் பாடினார்கள். பின்னால் டோனி என்ற தம்பியும் சேர்ந்தான். 1971இல் இவர்கள் பாட்டு ஐந்து வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது. பிறகு? சிறுவர்களின் குரல் உடைந்தது. பெரியவர்களாகி, 1972இல் தாங்களே எழுதி முழங்கும் ராக் இசையும் பாடிப் பார்த்தார்கள். ஆனால் ஜனங்களுக்கு அந்தப் பழைய பால்முகம்தான் வேண்டியிருந்தது. நல்ல பிள்ளை என்ற பெயரே அவர்களைத் தூக்கிவிட்டது. அதுவே பிறகு காலில் கட்டிய கயிறாகவும் ஆனது.

மற்றொன்று நமக்குப் பக்கத்தில், இடுக்கி மலையில். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. நூலிழைப் பெரும்பான்மை. அந்த நிலையில் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று ஆகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வாக்காளர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடம் மேடைப் பேச்சு எடுபடுமா? பாட்டுத்தான் எடுபட்டது. மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து வந்த பாவலர் வரதராசன் தெரிந்த மெட்டில் புது வரிகளை ஏற்றிப் பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். இந்த அண்ணனோடு தம்பிகள் சேர்ந்து 'பாவலர் பிரதர்ஸ்' ஆனார்கள். பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்று மூன்று தம்பிகள். ராசையா சின்ன வயதில் பெண்குரலில் பாடி, குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். அவர்தான் இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன்.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சிக்கல் வந்ததைப் பாருங்கள். பையன் வளர்வான், குரல் உடையும். அங்கே அது விற்பனைச் சிக்கலாயிற்று. இங்கே அது ஒருவரை வாத்தியத்தின் பக்கம் திருப்பியது. 1960களின் கடைசியில் தம்பிகள் சென்னை போனார்கள். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதைப் பார்க்க அண்ணன் இல்லை. பாவலர் பெயர் தம்பிகளின் படநிறுவனப் பெயராக நின்றது. குழு கலைந்தது. ஆனால் நாட்டு மெட்டுக்கு அடியில் பல இசைவரிசைகள் ஓடும் அந்த முறை தமிழர் வீட்டுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

சரி, மெய்யாகவே பல குரலில் பாடிய தமிழ்க் குழு ஒன்றுகூட இல்லையா? உண்டு. அதைத் தொடங்கியவர் எம்.பி.எஸ். என்ற மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். 1925இல் சித்தூரில் பிறந்தார். நம்ம சித்தூர் இல்லைங்க, ஆந்திரத்துச் சித்தூர். மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் இருந்தவர். 1960இல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். 1961இல் யேசுதாஸ் என்ற இளைஞர் தம் முதல் சினிமாப் பாட்டைப் பதிவு செய்தது இவருடைய இசையில்தான், 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்காக. தமிழில் சில படங்கள், மலையாளத்தில் மிகப் பல படங்கள். இரண்டு மொழியிலும் புழங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இவர் சொந்தக்காரர் மாதிரி.

சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டு, கூலிக்காக வாதாடியவரும் இவரே. 'மற்றும் குழுவினர்' பாடு என்ன என்பது அவருக்கு நேரில் தெரியும். அவர் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். இங்கே தனிப் பாடகர் கிடையாது. குழுதான் நட்சத்திரம். பாரதி பாடல்களும் பல இந்திய மொழிப் பாடல்களும் ஹார்மனியோடு மேடையேறின.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். முதலாவது கமகம். ஒருவர் 'க'வை அசைத்துப் பாடினால் அடுத்தவர் பிடித்திருக்கும் 'ச'வோடு அது இசையாது. எனவே அசைவைக் குறைக்க வேண்டும், ராகத்தின் முகமும் கெடக்கூடாது. இரண்டாவது ராகத்தின் எல்லை. மோகனத்தில் ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரம். அதற்குள் ச‑க‑ப என்றும் த‑ச‑க என்றும் இரண்டு அடுக்குகள்தான் இயல்பாகக் கிடைக்கும். அந்நிய சுரம் சேர்த்தால் மோகனம் போய்விடும். மூன்றாவது நம் மொழி. குறிலை நீட்டினால் பொருளே மாறும். 'கல்' என்பதை இழுத்தால் 'கால்' ஆகிவிடும். நான்கு குரல் வெவ்வேறு நேரத்தில் நுழைந்தால் சொல் சிதறும். இத்தனையையும் கணக்குப் பார்த்துத்தான் தமிழுக்கு ஹார்மனி எழுத முடியும்.

எம்.பி.எஸ். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். அவரோடு குழு நின்றுவிடவில்லை. சென்னையில் அவரிடம் பயின்றவர்கள் தொடர்ந்தார்கள். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு சேர்ந்திசைக் குழு பாடியது. தலைவர் போன பிறகும் பாட்டு நிற்காததுதான் சேர்ந்திசையின் பலம்.

பிறகு 2000களில் தொலைக்காட்சிக் காலம். எஸ்.எஸ். மியூசிக் சேனல் குரல் தேர்வு நடத்தி 'எஸ் ஃபைவ்' என்ற இளைஞர் பாப் குழுவை உருவாக்கியது. அதிலிருந்து வந்தவர்தான் பென்னி தயாள். ஆனால் இன்று ஊருக்குத் தெரிவது சினிமாப் பின்னணிப் பாடகர் பென்னி தயாளைத்தான், குழுவை அல்ல. பாவலர் பிரதர்ஸ் கதையும் கடைசியில் சினிமாவில்தான் கலந்தது. நம் நாட்டில் எல்லா ஓடையும் சினிமா என்ற ஆற்றில் போய் விழுகிறது. ஆறு பெருகுகிறது, ஓடையின் பெயர் மறைகிறது. யூத் கொயர் மட்டும் விழாமல் தனியே ஓடியது. அதனால்தான் அதற்குப் பெரிய பணமும் இல்லை, பரவலான பெயரும் இல்லை.

கடைசியாக நம் ஊர்க் கதை ஒன்று. ஆண்டுவிழா ஒத்திகையில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பாப்பா மட்டும் வேறு மாதிரிப் பாடினாள். "சுருதி விலகுறாளுங்க, பின்னாடி நிறுத்திடலாமுங்களா?" என்றார் ஒருவர். பாட்டு சொல்லிக் கொடுத்த அக்கா சிரித்துக்கொண்டே, "விலகலைங்க, அவ மூணு சுரம் தள்ளி நின்னு கூடவே வர்றா. அவளை நிறுத்தாதீங்க" என்றார்.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளரும் நம் பிள்ளைகள் எல்லா இடத்திலும் கொஞ்சம் தள்ளி நிற்பவர்கள்தாம். தள்ளி நின்றாலும் சேர்ந்து ஒலிக்கலாம் என்பதற்கு ஹார்மனியைவிட நல்ல பாடம் ஏது? அடுத்த ஆண்டுவிழாவில் ரெக்கார்டு போட்டு ஆடுவதோடு, ஒரு பாரதி பாட்டையாவது இரண்டு குரலில் பாட வைப்போம். பெரிய செலவில்லை. ஒரு சுருதிப்பெட்டி, பத்துப் பிள்ளைகள், இரண்டு மாதப் பொறுமை, இவ்வளவு போதும். அன்றைக்கு மேடையில் அறிவிக்கிறவர் 'மற்றும் குழுவினர்' என்று முடிக்காமல், பத்துப் பேர் பெயரையும் படிக்கட்டும்.