ஆதிகுடிகளின் வாசலில் – 7: டிக்கெட் கிழிப்பது யார்?

போன வாரம் தான்சானியாவின் ஏயாசி உப்பு ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தேன். கராத்து ஊரிலிருந்து இருட்டோடு கிளம்பும் ஜீப்புகள், ஹட்சா வேடர்களோடு அரைநாள் வேட்டை, திரும்பும் வழியில் தத்தோகா கொல்லர்களிடம் பித்தளை வளையல் பேரம். ஹட்சா மக்கள் மொத்தமே சுமார் 1,300 பேர்தான். சுற்றுலாப் பணம் வந்த வழியில் சாராயமும் வந்தது என்று அவர்களோடு பழகிய மானுடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் நம் பக்கம் திரும்புவோம்.

சென்னை–திருப்பதி சாலையில் திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே இருக்கிறது கனகம்மாசத்திரம். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் இந்தச் சாலை முழுக்கக் காவடிதான். தணிகைமலையில் முருகன் கைப்பிடித்த வள்ளி, தினைப்புனம் காத்த வேடர் மகள். அவளைக் கும்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, இந்த வட்டாரத்தின் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் இருளர்கள் வாழ்வது தெரியும்? வேடர் மகள் மலைமேல் இருந்தால் தாயார். ஏரிக்கரைக் குடிசையில் இருந்தால் ஏறிட்டுப் பார்க்கவும் ஆளில்லை.

எலி, உடும்பு, மூலிகை, பாம்புத்தோல் என்று பிழைத்தவர்கள் இருளர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் தோல் வியாபாரத்தை முடித்துவைத்தன. சட்டம் சரிதான். ஆனால் தோலை வாங்கி விற்றவன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். பாம்பைப் பிடித்தவன் போக இடமில்லாமல் நின்றான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகிப்போன குடும்பங்கள் இந்த மாவட்டத்திலேயே உண்டு.

1978இல் ஒரு வழி பிறந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணைநிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வயல்வெளியில் தடம் பார்த்தே பிடித்து வருவார்கள். கொண்டுவந்த பாம்பை மண்பானைக்குள் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரம் ஒருமுறை விஷம் எடுப்பார்கள். மூன்று நான்கு வாரம் ஆனதும், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மறுபடி அதே பாம்பு சிக்கினால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை நிர்ணயிக்கிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

இதைப் பார்க்கத்தான் பயணிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். விஷம் எடுப்பவர் பாம்பின் கழுத்தைப் பிடித்துக் குவளை விளிம்பில் பல்லைப் பதிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். ஆனால் வேடிக்கைக்காக அவர் அதைச் செய்யவில்லை. பார்க்க ஒருவர்கூட வராத நாளிலும் அந்த வேலை நடக்கும். கூட்டமும் கட்டணமும் மேல்வரும்படி. இங்கே நிர்வாகத்தில் அரசு அதிகாரிகள் உண்டு, உரிமம் தாமதமானால் வருமானம் நின்றுபோகும் என்ற குறைகளும் உண்டு. இருந்தாலும் பார்க்கப்படுகிறவர் இங்கே தொழிலாளி, சங்க உறுப்பினர். இந்தச் சங்கத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், சில நாள்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதற்கு நேர்மாறானது அந்தமான் நெடுஞ்சாலை. ஜாரவாப் பழங்குடிகளின் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது அது. அதை மூடச் சொல்லி 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் பாராடாங் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கவென்று வண்டிகள் வரிசை வரிசையாகப் போயின. சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லி ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளி 2012இல் வெளிவந்து உலகமே காறித் துப்பியது. அங்கே வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, வேண்டாம் என்று சொல்ல அந்த மக்களுக்கு வழியும் இல்லை.

பழங்குடிச் சுற்றுலா நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். யாயிடா பள்ளத்தாக்கு ஹட்சாக்களுக்கு 2011இல் நில உரிமைச் சான்றிதழ் கிடைத்தது. சொந்த இடத்தில் இருப்பவர்தான் வருகிறவரைப் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல முடியும். நம் ஏரிக்கரை இருளர்களில் பட்டா இல்லாத குடும்பங்களுக்கு அதை வாங்கிக் கொடுக்காமல் ‘பழங்குடிக் கிராமச் சுற்றுலா’ என்று யாராவது பலகை மாட்டினால், அது அந்தமான் வழிதான்.

மாசி மகத்தன்று வட மாவட்டங்களின் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். சேலையையே கூடாரமாகக் கட்டித் தங்கி, விடியலில் மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனை அழைக்கிறார்கள். பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, பெயர் வைப்பது, மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயேதான். சுற்றிலும் கேமராக்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன்பின் தெரியாத பத்துப் பேர் மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டினால் விடுவீர்களா? அடுத்த மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

(தொடரும்)