சீதனமும் பேராசிரியர் தம்பையாவும்

பேராசிரியர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையாவை எம்மவர்களுள் பெரும்பாலோர் இனவன்முறையை ஆராய்ந்த அறிஞராகவே அறிவர். 1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் அவர் எழுதிய நூல்கள் அப்பெயரை அவருக்குத் தேடிக்கொடுத்தன. ஆயினும், அதற்கு முன்னரான ஏறத்தாழ இரு தசாப்த காலத்தில் திருமணம், உறவுமுறை, பெண்ணின் சொத்துரிமை ஆகியவை குறித்து அவர் ஆற்றிய பணி இங்கு போதியளவு பேசப்படவில்லை. சீதனப் பேச்சு முற்றாகி முடியும் வரையில் எந்தத் திருமணமும் நிச்சயமில்லை என்றிருக்கும் எமது சமூகத்தில் இது ஒரு குறையே எனலாம். (தேசவழமைச் சட்டம் பற்றி நூல் எழுதிய நீதியரசர் எச்.டபிள்யூ. தம்பையா வேறொருவர். இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவோர் உளர்.)

1929இல் பிறந்த அவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1951இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1954இல் கலாநிதியானார். 1955 முதல் 1960 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். பாத்ததும்பறைக் கிராமங்களில் நடத்திய ஆய்வின் பேறாக, என்.கே. சர்க்காருடன் இணைந்து எழுதிய 'சிதைந்துவரும் கிராமம்' என்ற ஆங்கில நூல் 1957இல் வெளிவந்தது. காணியை ஆராயச் சென்றவர் திருமணத்தை ஆராயாமல் இருக்க முடியவில்லை. கண்டிச் சிங்களவரிடையே பெண் கணவன் வீடு செல்வது 'தீக' எனவும், கணவன் பெண் வீடு வந்து வாழ்வது 'பின்ன' எனவும் வழங்கும். தீக மணம் புரிந்த மகள் தந்தையின் காணியில் பங்கிழப்பாள். பின்ன மணம் புரிந்தவளுக்கு அது நிலைக்கும். பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொல், ஒரு பெண்ணின் காணியைத் தீர்மானித்தது.

1965இல் வெளியான அவரது கட்டுரையொன்று எமக்கு இன்னும் சுவையானது. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பதே முறை என்று கண்டிக் கிராமத்தவர் கூறுவர். ஆனால், கணக்கெடுத்துப் பார்த்தபோது, உண்மையான மாமன் மகளை மணந்தவர் சிலரே. அப்படியாயின் முறை எங்கே போயிற்று? அந்நியர் இருவர் மணந்துகொண்டதும் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் 'மஸ்ஸினா' என்றும் 'மாமா' என்றும் அழைக்கத் தொடங்குகின்றனர். உறவினால் திருமணம் நடந்ததாக ஊர் சொல்கின்றது. திருமணத்தினால் உறவு உண்டாக்கப்பட்டது என்பதே தம்பையாவின் அவதானிப்பு. பெண்ணின் தந்தையை நேற்றுவரை இன்னாரென்றே அறியாத மாப்பிள்ளை, இன்று 'மாமா' என்றழைப்பதைக் காணும் எமக்கு இது விளங்காததல்ல. 1966இல் லக்கல பிரதேசத்தில் சகோதரர் ஒரு மனைவியுடன் வாழும் வழக்கம் பற்றியும் எழுதினார். ஆங்கிலேயர் 1859இல் சட்டத்தினால் தடுத்த வழக்கம் அது.

1956இல் கல்லோயாவில் வன்செயல் வெடித்தபோது, மாணவர் குழுவொன்றுடன் அங்கு ஆய்வில் ஈடுபட்டிருந்தவர் அவர். 1958 மீண்டும் கலவரத்தைக் கண்டது. 1960இல் யுனெஸ்கோ நிபுணராகத் தாய்லாந்து சென்ற தம்பையா, இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பவில்லை. கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஈற்றில் ஹாவார்ட் என அவரது வாழ்வு தொடர்ந்தது. இழப்பு யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது எழுதி, ஜாக் கூடியுடன் இணைந்து 1973இல் வெளியிட்ட நூலே இத்துறையில் அவரது பெயரை நிலைநிறுத்தியது. ஆபிரிக்காவில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசமாக மாடுகளைக் கொடுப்பர். அம்மாடுகள் பெண்ணின் சகோதரனது திருமணத்துக்குப் பயன்படும். அது சுழலும் நிதி. தெற்காசியச் சீதனம் அவ்வாறன்று. பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே மகளுக்குக் கொடுத்துவிடும் முதுசப் பங்கு என அவர் வாதிட்டார். இந்து தரும நூல்கள் கூறும் 'ஸ்திரீதனம்' இதற்கு ஆதாரமாயிற்று.

வட இந்தியாவில் நடப்பது வேறு என ஆய்வாளர் பலர் மறுத்தனர். 1989இல் இவ்விடயத்தை மீள எடுத்து எழுதிய தம்பையா, பெண்ணுக்கென்று கொடுக்கப்படுவதில் பெரும்பகுதி மாமன் மாமியின் கைக்கே சென்றடைவதை ஏற்றுக்கொண்டார். புகழின் உச்சியில் இருக்கும் அறிஞர் தமது வாதத்தைத் தாமே திருத்துவது எளிதன்று.

இவ்விரு கட்டுரைகளையும் யாழ்ப்பாணத்துக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன தெரிகின்றது? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன வெவ்வேறானவை. தாயின் சீதனம் மகளைச் சேர்வது பழைய மரபு. இங்கு தம்பையாவின் முதல் வாதம் பொருந்துகின்றது. ஆனால், சீதனத்துக்கு மேலாக மாப்பிள்ளையின் பெற்றோர் 'இனாம்' என்றும் 'டொனேசன்' என்றும் கேட்டு வாங்கும் ரொக்கம் இருக்கின்றதே! அது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கையைக் கரைசேர்க்கவே செல்கின்றது. ஆபிரிக்காவில் அக்காளுக்கு வந்த மாடு தம்பிக்கு மனைவியைக் கொணர்கின்றது. இங்கு அண்ணனுக்கு வந்த பணம் தங்கைக்குக் கணவனைக் கொணர்கின்றது. பெண்ணின் முதுசம் என்ற பெயரின் கீழ் ஒரு சுழலும் நிதி இங்கும் ஓடுகின்றது என்பதே எமது எண்ணம்.

எஞ்சுவது காணி. அது உறுதியில் அவள் பெயரிலேயே இருக்கும். ஆனால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவி தனது அசையா ஆதனத்தை விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டிற்று. அச்சம்மதம் கிடைக்காதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடுவதே வழி. 2009இல் போர் முடிந்தபோது கணவன் இருக்கின்றானா இல்லையா என்றறியாத பெண்கள் பலர், தாயிடமிருந்து தமக்கு வந்த காணியை ஈடுவைப்பதற்கும் இதே தடையை எதிர்கொள்ள நேர்ந்தது.