இலவசக் கல்வியும் நமது தோட்டப் பிள்ளைகளும்

எல்ல, தெமோதரை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் காலை வேளையில் வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் நோக்கி நடப்பதைக் காண்கிறோம். அரசாங்கப் பாடசாலையில் படிப்பதற்குக் கட்டணமில்லை. பாடநூலும் இலவசம். இந்த உரிமைக்கு வித்திட்டவர் ஓர் ஆசிரியர். அவரே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா.

1884ஆம் ஆண்டு அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பையில் பிறந்த இவர், புலமைப்பரிசில் பெற்றுக் காலியிலுள்ள மெதடிஸ்த திருச்சபையின் றிச்மண்ட் கல்லூரியில் கற்றார். அதிபர் அருட்திரு டாரல் அவரை அங்கேயே கணித ஆசிரியராக்கினார். பின்னர் கொழும்பு வெஸ்லி கல்லூரியிலும் மொறட்டுவை பிறின்ஸ் ஒவ் வேல்ஸ் கல்லூரியிலும் படிப்பித்துக்கொண்டே சட்டம் பயின்று, 1910இல் வழக்கறிஞரானார். 1923இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1931 முதல் 1947 வரை, பதினாறு ஆண்டுகள், கல்வி அமைச்சராக இருந்தார்.

அக்காலத்தில் நல்ல ஆங்கிலக் கல்வி பணமுள்ளவர்களுக்கே கிடைத்தது. ஏழைகளின் பிள்ளைகளுக்குக் கிராமத்துத் தாய்மொழிப் பாடசாலையோடு படிப்பு முடிந்தது. தாம் புலமைப்பரிசிலால் பெற்ற வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதென்று கன்னங்கரா கருதினார். கிராமப்புறங்களில் 50க்கும் மேற்பட்ட மத்திய பாடசாலைகளை நிறுவினார். இவரது தலைமையிலான விசேட கல்விக்குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

எதிர்ப்புகளும் இருந்தன. தங்கள் பாடசாலைகளின் சுதந்திரம் பறிபோகும் என்று அஞ்சித் திருச்சபைத் தலைவர்கள் பலரும் எதிர்த்தனர். திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் உருவான ஒருவரின் நல்ல முயற்சியைத் திருச்சபையே சந்தேகித்தது என்பதை இன்று நாம் தாழ்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், இந்தச் சட்டம் நமது தோட்டங்களுக்கு உடனே வந்ததா? இல்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவது தோட்டத் துரைமாரின் பொறுப்பு. பெரும்பாலும் ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர். அதற்குமேல் கொழுந்துக்கூடைதான். 1947இல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் வந்தபோதிலும், அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

ஏன்? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளையில் எஸ். எம். சுப்பையா உட்பட ஏழு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நமது மக்கள் பிரஜாவுரிமையையும், அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையையும் இழந்தனர். 1952இல் அவர்களில் ஒருவர்கூடத் திரும்பவும் செல்ல முடியவில்லை. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடத்துக்காக யார் வாதாடுவார்? கன்னங்கராவும் 1947இல் மத்துகமையில் தோல்வியுற்றுப் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான். ஏறத்தாழ ஒரு தலைமுறை பின்தங்கிவிட்டது.

கன்னங்கரா 1952இல் அகலவத்தையில் வென்று உள்ளூராட்சி அமைச்சரானார், 1956இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார், 1969இல் காலமானார்.

அவரது வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? நல்ல ஆசிரியர் ஒருவர் சட்டத்தைக் கொண்டுவரலாம். அதை லயத்து வாசல்வரை கொண்டுவருவதற்கு மக்களின் வாக்கும் குரலும் வேண்டும். இன்று வாக்கு நம் கையில் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு, அரைநாள் சம்பளம் போனாலும், பெற்றோர் ஒருவராவது செல்ல வேண்டும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லையென்றால், அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

குழுவாகச் சிந்திக்க:
1. நமது தோட்டத்தில் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் என்ன?
2. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நமது பாடசாலைக்காக நாம் என்ன கேட்டிருக்கிறோம்?
3. படித்து ஆசிரியர்களான நமது பிள்ளைகள் தோட்டத்துக்கு என்ன செய்யலாம்?